யாளி உயிரோடு நடமாடினால் எப்படி இருக்கும்? உடல், இரை, எண்ணிக்கை: கணக்குப் பார்க்க உதவி தேவை

குறிஞ்சிக்காரன்:

கற்பனை மலைநாடு ஒன்றில் நடக்கும் மிகுபுனைவு நாவல். சங்ககாலக் குறிஞ்சி நிலத்தின் சாயல் இருக்கும். ஊரும் மன்னர்களும் முழுக்கக் கற்பனை. இதில் யாளி தெய்வமும் இல்லை, சிற்பமும் இல்லை. காட்டில் திரியும் ஒரு விலங்கு. இப்போதைய வரைவில் இருப்பது இது:

தோள் உயரம் பெரிய ஆண் யானை அளவு, 2.75 மீட்டர். எடை 3 டன். சிங்க உடல், தரையைத் தொடும் துதிக்கை, இரண்டு தந்தம். யானையை மட்டுமே தின்னும். ஒரே மலைத்தொடரில் 40 யாளிகள். மன்னனிடம் பழக்கிய 12 யாளிகள் கொண்ட ஒரு படை. இது போக அசுணம் என்ற விலங்கும் இரண்டு அத்தியாயங்களில் வருகிறது. இசை கேட்டு மயங்கும், பறையொலி கேட்டால் சாகும் என்ற அளவில்தான் அதை எழுதியிருக்கிறேன்.

வரைவைப் படித்தவர்கள் "யாளி வரும் இடமெல்லாம் கோயில் தூண் ஞாபகம்தான் வருகிறது, பயம் வரவில்லை" என்கிறார்கள். எங்கே உதைக்கிறது? யாளி உண்மையில் இருந்ததா என்ற சண்டை மட்டும் வேண்டாம். அதற்கு ஏற்கெனவே போதுமான இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

---

எலும்பும் தசையும்:

முதலில் அந்த 3 டன்.

ஆண் சிங்கத்தின் தோள் உயரம் 1.1 மீட்டர், எடை 190 கிலோ என்று கொள்ளுங்கள். அதை 2.75 மீட்டருக்கு உயர்த்த 2.5 மடங்கு பெரிதாக்க வேண்டும். எடை 2.5 × 2.5 × 2.5, அதாவது 15.6 மடங்கு கூடும். ஏறக்குறைய 2,970 கிலோ. ஆக உங்கள் 3 டன் சரியான எண்தான். ஆனால் கால் எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது 6.25 மடங்குதான் கூடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்னைவிட 2.5 மடங்கு சுமை தாங்க வேண்டும். கலிலியோ 1638-லேயே எழுதிவைத்த கணக்கு இது. அந்தச் சுமையைத் தாங்கக் கால் தூண்போலத் தடித்து நேராக நிற்க வேண்டும். பூனைக்குரிய மடங்கிய முழங்காலும் பதுங்கலும் போய்விடும். யானையால் குதிக்கவே முடியாது, வேகமும் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டித்தான். நீங்கள் எழுதியிருப்பது சிங்கத் தோல் போர்த்திய யானை. யானையை யானை துரத்தினால் பயம் எங்கிருந்து வரும்?

என் பரிந்துரை 550 கிலோ. சிங்கத்தைப்போல 2.9 மடங்கு எடை, உயரத்தில் 1.4 மடங்கு, தோள் 1.55 மீட்டர் வரும். இன்று தரையில் வாழும் மிகப் பெரிய ஊனுண்ணியான பனிக்கரடியின் ஆண் 350 முதல் 700 கிலோ வரை இருக்கிறது, எனவே இந்த எடையில் ஓடவும் பாயவும் ஓர் உடலால் முடியும் என்பதற்குச் சான்று கண்முன்னே உண்டு. ஒரு மனிதனின் மார்பு உயரத்துக்கு மேலே தோள், அதற்கும் மேலே தலை. கதையில் நேருக்கு நேர் வந்து நின்றால் போதும்.

550 கிலோ மிருகம் யானையைக் கொல்லுமா? 200 கிலோ புலி 800, 900 கிலோ காட்டெருமையைச் சாய்க்கிறது. அந்த விகிதத்தில் 2,000 – 2,500 கிலோ யானை எட்டும் தூரம்தான், அதாவது பெண் யானை, வளரிளம் யானை. போட்ஸ்வானாவில் சோபே தேசியப் பூங்காவின் சவூட்டி பகுதியில் சிங்கக் கூட்டம் இரவில் யானை வேட்டையாடியது பதிவாகியிருக்கிறது. அங்கே 30 சிங்கங்கள் சேர்ந்து செய்ததை உங்கள் யாளி தனியாகச் செய்ய வேண்டும். எனவே சமதளத்தில் செய்யாது. மேலே பாறை, கீழே ஒற்றையடித் தடம், மேலிருந்து தலைமீது பாய்ச்சல். கடிக்க வேண்டிய இடம் துதிக்கையின் அடிப்பகுதி. தடித்த இரத்தக் குழாய்கள் உள்ள இடம் அது. துதிக்கை செயலிழந்த யானை நீர் குடிக்கவே திண்டாடும். அங்கே ஒரு கடி, பிறகு பின்வாங்கிக் காத்திருத்தல். முதல் பாய்ச்சலிலேயே கொன்றுவிடுவதாக எழுதினால் மல்யுத்தம் மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது யாளியின் துதிக்கை. இதில்தான் பெரும்பாலான வரைவுகள் கவிழ்கின்றன. யானையின் துதிக்கையில் எலும்பே கிடையாது, எடை மட்டும் 100 கிலோவைத் தாண்டும். கழுத்து குட்டையானதால் தலையைத் தரைக்கு இறக்க முடியாது, வாய்க்குத் தீனியும் நீரும் கொண்டுவர அது தேவைப்பட்டது. கடித்துக் கொல்லும் விலங்குக்கு வாய்தான் கருவி. அந்த வாய்க்கு முன்னால் நரம்பும் இரத்தமும் நிறைந்த ஒன்றரை மீட்டர் சதை தொங்கினால், முதல் சண்டையிலேயே அதைத் தானே கடித்துக்கொள்ளும். ஒன்று துதிக்கையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மலேயா டேபிர் மூக்குபோல ஒரு முழத்துக்குக் குறுக்கிவிடுங்கள். கடிக்கும்போது சுருங்கி நெற்றிப்பக்கம் மடியும், மற்ற நேரம் முழக்கத்துக்கு ஊதுகுழலாக உதவும். ஆண் யானைச்சீல் தன் தொங்கும் மூக்கை அப்படித்தான் பயன்படுத்துகிறது.

தந்தமா கோரைப்பல்லா என்றும் முடிவு செய்யுங்கள். யானைத் தந்தம் மேல்தாடையின் வெட்டுப்பல். ஊனுண்ணிக்கு நீள்வது கோரைப்பல். இரண்டையும் ஒரே வாயில் வைத்தால் தாடை மூடாது.

---

கருங்கல்:

மேலே சொன்னதற்கு ஒரு பின்னிணைப்பு. உங்கள் வாசகர்களுக்குத் தூண் ஞாபகம் வருவது தற்செயல் அல்ல. நீங்கள் தூணைப் பார்த்தே எழுதியிருக்கிறீர்கள்.

தூண் யாளி பின்னங்காலில் எழுந்து நிற்கிறதே, ஏன்? தூண் நிற்பதால். ஒரே கல்லில் தூணையும் உருவத்தையும் சேர்த்துச் செதுக்கும்போது உருவம் உயரவாக்கில்தான் அமையும். கஜயாளியின் துதிக்கை கீழே ஒரு யானைத் தலையோடோ தன் உடலோடோ போய் இணைந்துவிடும். கருங்கல்லில் மெல்லிய நீட்சியை அந்தரத்தில் விட்டால் உடையும். பிடரி சுருள்சுருளாக இருப்பதும், கண் பிதுங்கியிருப்பதும் கீழே இருந்து அரையிருட்டில் பார்ப்பவனுக்காக. இவை கல்லின் தேவைகள். இவற்றை அப்படியே உயிருள்ள உடலுக்கு மாற்றினால் கல் நடக்கும், மிருகம் நடக்காது.

தூணை விட்டுவிட்டு வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, அதிட்டானத்தின், அதாவது கோயில் அடித்தளத்தின், மேல்வரியில் ஓடும் யாளி வரிசை. அங்கே மிருகம் கிடைவாக்கில், பக்கவாட்டில் இருக்கும்; கழுத்து முறுக்கலும் தோள் அசைவும் தெரியும். இன்னொன்று, சோழர் கோயில் படிக்கட்டுக் கைப்பிடி. யாளியின் வாயிலிருந்து வழிந்து இறங்கிச் சுருளும் அந்த வளைவில் தூண் யாளியில் இல்லாத நெகிழ்வு இருக்கிறது.

இன்னொன்று. பிற்காலத் தூண் யாளிகள் பலவற்றின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க வராது. தனியாகச் செய்து உள்ளே போட்டதில்லை. அதே கல்லில், பல் இடுக்கு வழியாக உளியை விட்டுக் குடைந்து, கடைசியில் தாங்கு புள்ளிகளை வெட்டிவிடுவார்கள். சிற்பிக்கு அது கைத்திறன் காட்டும் இடம். கதாசிரியருக்கு அது ஒரு கேள்வி: உயிருள்ள யாளியின் வாயில் அந்த உருண்டை என்ன? முதலை கல் விழுங்கும், அதன் வயிற்றில் கற்கள் இருக்கும். உங்கள் யாளி ஆற்றுக் கூழாங்கல்லை நாவடியில் அடக்கிவைத்து உருட்டும் பழக்கமுள்ளது என்று வைத்துப் பாருங்கள். இருட்டில் உறுமல் கேட்பதற்குப் பதில் பல்லில் கல் உரசும் ஓசை மட்டும். தூணைப் பார்த்த வாசகனுக்கு இது பழைய அறிமுகமும் ஆகும், புதிதும் ஆகும்.

---

காட்டுக்கணக்கு:

40 யாளி, யானை மட்டும் உணவு. இதைக் கொஞ்சம் பிரிப்போம்.

ஒரு புலி நாளுக்குச் சராசரியாக 6 கிலோ இறைச்சி தின்கிறது என்று வையுங்கள். உடல் பெரிதானால் தீனி அதே விகிதத்தில் கூடாது. எடையின் 0.75 அடுக்குக்கு ஏற்பக் கூடும் (கிளைபர் விதி). 550 கிலோவுக்கு அது 2.1 மடங்கு, அதாவது நாளுக்கு 13 கிலோ, ஆண்டுக்கு 4,700 கிலோ.

ஒரு யானையில் ஆயிரம் கிலோவுக்கு மேல் இறைச்சி இருக்கிறது, ஆகவே நாலைந்து யானை போதுமே என்று தோன்றும். போதாது. வெப்ப நாட்டுக் காட்டில் நாலைந்து நாளில் அழுகல், புழு, கழுகு, கரடி, காட்டுப்பன்றி. புலி ஒரே இரவில் 30, 40 கிலோ தின்னும். யாளிக்கு 90 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் நாலு இரவில் 360. அப்படியானால் ஆண்டுக்கு 13 யானை.

யானை மெதுவாகப் பெருகும் உயிர். சினைக்காலம் 18 முதல் 22 மாதம்; ஒரு பிடி 4, 5 ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். நூறு யானை உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஆறேழு கன்று. நோய், வறட்சி, விழுந்து சாவது எல்லாம் போக, யாளிக்கு விடக்கூடியது ஐந்து. ஒரு யாளிக்கு 13 வேண்டுமென்றால் 260 யானை கொண்ட காடு வேண்டும். 40 யாளிக்கு 10,400 யானை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 3,063 யானைகள்தான். மூன்று தமிழ்நாட்டுக் காடுகளை உங்கள் ஒரு மலைக்குள் மடித்து வைக்க வேண்டியிருக்கும்.

வழி: யானையை அன்றாட உணவாக்காதீர்கள். உணவில் ஐந்தில் ஒரு பங்கு யானை; மீதி கடமான், காட்டெருமை, பன்றி. அப்போது ஒரு யாளிக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று யானை. கூடவே கடமான் அளவுள்ள இரை 38. யாளி எண்ணிக்கையை 6-க்கு இறக்கினால் யானை 300 போதும். மற்ற இரை 2,300 வேண்டும். ஊனுண்ணி ஒன்று இரைத்தொகையில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்க முடியும் என்ற வழக்கமான கணக்கு இது. ஒரு யாளிக்கு 100 சதுர கிலோமீட்டர் என்றால் 600 சதுர கிலோமீட்டர் மலைத்தொடர். வரைபடத்தில் வைக்கக்கூடிய அளவு.

ஆறே ஆறு என்றால் சில தலைமுறையில் உறவுக்குள்ளேயே இனம் கூடிப் பலவீனப்படும். அதனால் இளம் ஆண்கள் பக்கத்து மலைக்குப் போக வேண்டும். போக ஒரு கணவாய் வேண்டும். கணவாயில்தான் வணிகச் சாத்தும் போகும். கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

படை விஷயம் நடக்காது. 12 யாளிக்கு நாளுக்கு 156 கிலோ இறைச்சி, போர் இல்லாத நாளிலும். யானைப்படையே கூட, காட்டில் பிடித்த யானையைப் பழக்கி உண்டாக்குவதுதான். கூட்டமாக வாழும், தலைவிக்குக் கட்டுப்படும் விலங்கு என்பதால் அது முடிந்தது. தனித்துத் திரியும் வேட்டை மிருகத்திடம் அந்தப் பிடிமானம் இல்லை. ஆனால் படைக்கு யாளியே தேவையில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் பயிரை மேயவந்த காட்டு யானைகளுக்குப் புலி உறுமலையும் சிறுத்தை உறுமலையும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். சிறுத்தைக்குப் பிளிறி ஆர்ப்பாட்டம் செய்தன. புலிக்குச் சத்தமே இல்லாமல் பின்வாங்கின. எதிரி யானைப்படை வரும் தடத்தில் யாளிச் சாணம் ஒரு பானை உடைத்து ஊற்றினால் என்ன ஆகும் என்று எழுதிப்பாருங்கள். அந்தப் பானையைச் சேகரிக்கப் போகிறவன் யார், அவனுக்கு என்ன கூலி என்பதிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது.

---

வானவில்:

குறுக்கே ஒரு கேள்வி. சிறகு வைத்த யாளி? புராணத்தில் வரும் சரபம் மாதிரி? இருதலைப்புள்ளும் சேர்க்கலாமா?

---

எலும்பும் தசையும்:

@வானவில் 550 கிலோ பறக்காது. இன்று பறக்கும் பறவைகளில் மிக எடையானவை 20 கிலோவை ஒட்டியே நின்றுவிடுகின்றன. அழிந்துபோன குவெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வன 10 மீட்டர் சிறகு விரிப்புக்கு 200, 250 கிலோ என்றுதான் மதிப்பிடுகிறார்கள். சறுக்கிப் பறப்பது போதும் என்றால், உடலைச் சின்னதாக்கி, நமது மேற்குத் தொடர்ச்சி மலைப் பறக்கும் ஓணானைப் பாருங்கள். அதன் சிறகு கால் மாறி வந்ததல்ல. நீண்ட விலா எலும்புகளின் மேல் விரிந்த தோல். நான்கு கால்களும் அப்படியே இருக்க, கூடுதலாகச் சிறகு. முதுகெலும்பிக்கு ஆறு உறுப்பு எப்படி வந்தது என்ற பழைய கேள்விக்கு ஓணான் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சரபத்துக்கு எட்டுக் கால் என்பார்கள், அதைத் தாராசுரத்துச் சிற்பத்தோடு விட்டுவிடுவது நல்லது. இருதலைப்புள்ளுக்கு இரண்டு மூளை ஒரே உடலை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். நிஜத்தில் இருதலைப் பாம்புகள் இரைக்காகத் தமக்குள்ளேயே சண்டை போடும். கொடியில் வரைய அழகு. காட்டில் இரண்டு நாள் தாங்காது.

---

பாணர்குடி:

அசுணத்தை யாரும் தொடவில்லை. என் பார்வையில் உங்கள் நாவலில் யாளியைவிட அதுதான் நல்ல சரக்கு. அதை இரண்டு வரியில் கடந்துவிடாதீர்கள்.

மூலத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அகநானூறு 88-ல், மதயானையின் கன்னத்தில் வழியும் மதநீரை மொய்க்கும் வண்டுக் கூட்டம் முரல்கிறது. அதை யாழோசை என்று எண்ணி மலைப்பிளவின் குகைக்குள் இருக்கும் அசுணம் காதுகொடுக்கிறது. கலித்தொகை 143-ல், மறைந்திருந்து யாழ் வாசித்துக் கேட்கவைத்து, பிறகு இரக்கமில்லாமல் பறையை அறைந்து அதன் உயிரைப் போக்குகிறார்கள். அங்கே அதை 'மான்' என்கிறார்கள், பொதுவாக விலங்கு என்ற பொருளில். நற்றிணை 304-ல் தலைவி தலைவனின் மார்பை அசுணம் கொல்பவர் கைக்கு ஒப்பிடுகிறாள்: இன்பமும் அதுவே, துன்பமும் அதுவே. அது பறவையா விலங்கா என்ற குழப்பம் பிற்காலத்தில் வந்தது. உங்களுக்கு அது வசதி. உருவத்தை நீங்களே முடிவு செய்யலாம்.

இப்போது கூர்மையான வாசகன் கேட்கப்போகும் கேள்வி: பறைக்குச் சாகிற விலங்கு, ஐப்பசி இடிக்கு எப்படிப் பிழைக்கிறது? 'இசை பிடிக்கும், இரைச்சல் பிடிக்காது' என்று மட்டும் எழுதினால் இந்தக் கேள்வியில் விலங்கே செத்துவிடும்.

பதில் காதுக்குள் இருக்கிறது. பாலூட்டிகளின் நடுக்காதில் சின்னஞ்சிறு தசைகள் உண்டு. பெருஞ்சத்தம் வந்தால் அவை இறுகி, அதிர்வைக் குறைத்து உள்ளே அனுப்பும். இறுக ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போலப் பிடிக்கும். வௌவால் தான் கத்துவதற்குச் சற்று முன்பே அதை இறுக்கிக்கொள்கிறது, தன் குரலே தன் காதைக் கெடுக்காமல் இருக்க. அசுணத்துக்கு இந்தத் தசையை மிக வலுவாக வையுங்கள். வெளியே பெரிய மடல், மடித்து மூடக்கூடியது. மின்னல் கண்டதும் மூடும். மழைக்காலம் முழுக்க மூடிய காதோடு, குகையின் ஆழத்தில், ஏறக்குறைய செவிடாகக் கிடக்கும். ஆகவே சாதாரணமாக அதைப் பறையடித்துக் கொல்ல முடியாது. முதல் அடியிலேயே மூடிக்கொள்ளும்.

யாழ் எதற்கு என்பது இங்கேதான் விளங்கும். தொடர்ந்து வரும் மெல்லிய நரம்போசைக்குக் காது படிப்படியாகத் திறக்கிறது: மடல் விரிகிறது, தசை தளர்கிறது. முழுக்கத் திறந்த நொடியில், எச்சரிக்கையே இல்லாமல், பக்கத்தில் பறை. மூட நேரமில்லை. செவி கிழிந்து சாகும் என்று எழுத வேண்டாம், அதிர்ச்சியால் சாகட்டும். மான் இனங்கள் பிடிபடும்போது காயமே இல்லாமல் அச்சத்திலும் தசைச் சிதைவிலும் இறந்துபோவது கால்நடை மருத்துவர்கள் அறிந்ததுதான். சில உடனே, சில ஓரிரு நாள் கழித்து. அந்த இரண்டு நாள் உங்களுக்குப் பயன்படும். அடிபட்ட அசுணம் ஊர்வரை வந்து விழலாம்.

ஆக வேட்டைக்கு இரண்டு பேர் வேண்டும். யாழ்க்காரன் திறமை முக்கியம். நரம்பு ஒன்று அறுந்தாலோ சுதி சட்டென மாறினாலோ காது மூடிவிடும், அன்றைக்கு அவ்வளவுதான். பறைக்காரன் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கக்கூடாது, எனவே அவன் முன்பே ஒளிந்திருக்க வேண்டும். பறைத்தோல் குளிரில் தளரும். வழக்கமாகத் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். தீ மூட்டினால் சுள்ளி வெடிக்கும் ஓசையே காரியத்தைக் கெடுக்கும். காலை வெயிலில் பாறைமேல் காயவைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும், அப்படியானால் வேட்டை முற்பகலில்தான் நடக்கும்.

யாளியோடு முடிச்சுப்போட ஒரு வழி: யாளி முழக்கமும் திடீர் ஓசைதான். யாளி நடமாடும் பள்ளத்தாக்கில் அசுணம் குடியிருக்காது. குறவர்களுக்கு அது ஒரு அடையாளம். கடமான் தடத்தைப் பார்த்துப் புலி எங்கே என்று சொல்வதுபோல, குகைவாயில் அசுணத்தின் எச்சம் புதிதாக இருந்தால் அந்த வழி பத்திரம். உங்கள் மன்னன் அசுண வேட்டைக்குப் பரிசு அறிவித்து எல்லாவற்றையும் கொன்று தீர்த்தால் மலைவழிகளுக்குக் காவல் போய்விடும்.

---

பச்சைமசி:

சொல்லும் முறை பற்றி நான் சேர்க்கிறேன்.

"சிங்க உடலும் யானைத் துதிக்கையும் குதிரைக் காதும் கொண்ட" என்ற வாக்கியத்தை வெட்டுங்கள். அதைப் படிக்கும்போது மனம் மூன்று மிருகங்களைத் தனித்தனியே வரவழைத்து ஒட்டவைக்கிறது; ஒட்டுத்துணிதான் கிடைக்கும். காட்டுவாசிக்கு யாளி கலப்பு மிருகமே அல்ல, அவன் சிங்கத்தைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். குறிஞ்சிப்பாட்டு, வழியில் வரும் ஆபத்துகளை அடுக்கும்போது, 252-ஆம் அடியில் புலி, ஆளி, கரடி என்று மூன்றையும் ஒரே மூச்சில், ஒரு விளக்கமும் இல்லாமல் சொல்லிப்போகிறது. அந்தச் சாதாரணத் தொனிதான் நம்பவைக்கிறது.

முழு உருவத்தைக் காட்டும் முன் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள். மரப்பட்டையில் நகக்கீறல், வழக்கமான புலிக்கீறலைவிட இரண்டு முழம் உயரத்தில். மந்திகளின் எச்சரிக்கைக் குரல் தொடங்கிப் பாதியில் நிற்பது. யானைக்கூட்டம் குட்டிகளை நடுவில் வைத்து, பாறைப்பக்கம் முகம் திருப்பி, அசையாமல் நிற்பது. உருவம் வரும்போது ஒரே ஒரு உறுப்பைச் சொன்னால் போதும்.

பெயர். சங்கச் சாயல் வேண்டுமென்று 'ஆளி' என்று போட ஆசை வரும். கடையில் விற்கும் ஆளிவிதை நினைவு வந்து தொலைக்கும், எச்சரிக்கிறேன். நிகண்டில் 'அறுகு' என்றொரு பெயரும் உண்டு, அதற்கும் புல் குறுக்கே நிற்கிறது. 'யாளி'யையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மலைமக்கள் வாயில் அந்தப் பெயர் வரக்கூடாது. 'பெரியது', 'மேலே இருக்கிறவன்' என்று சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். வெளியூர்க்காரன் மட்டும் பெயரைச் சத்தமாகச் சொல்வான். அவன் வெளியூர்க்காரன் என்பதற்கு அதுவே அடையாளம்.

குட்டிக்கு என்ன சொல்? பொருநராற்றுப்படை கரிகாலனைப் பாடும்போது 'ஆளி நன்மான் அணங்குடைக் குருளை' என்கிறது: பால்குடி மறக்காத வயதிலேயே, முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற குருளை. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டியைத்தான் குருளை என்கிறது. யானைக்குட்டிக்குக் கன்று, குழவி போன்ற சொற்கள். ஆக அந்தப் புலவர் காதில் ஆளி புலிப்பக்கத்து விலங்கு, யானைப்பக்கத்தது அல்ல. துதிக்கையைக் குறைக்கச் சொன்ன நண்பருக்குச் சொல்லிலிருந்தும் ஒரு சாட்சி. 'யாளிக் கன்று' என்று வரைவில் எங்காவது இருந்தால் உடனே மாற்றுங்கள்.

ஒன்று கவனம்: பால்குடிக் குருளை களிறு கொன்றது புகழ்ச்சி. அதை உயிரியலாக எடுத்து, 30 கிலோக் குட்டி யானையைச் சாய்ப்பதாக எழுதிவிடாதீர்கள். பாணன் ஒருவன் வாயில் அந்தக் கதையை வையுங்கள். குறவன் கேட்டுச் சிரிக்கட்டும்.

---

குறிஞ்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. திருத்திய கணக்கு: எடை 550, தோள் 1.55 மீட்டர், துதிக்கை ஒரு முழம், நீளக் கோரைப்பல், தந்தம் இல்லை. 600 சதுர கிலோமீட்டரில் ஆறு யாளி. படை போயிற்று, சாணப் பானை வந்தது. அசுணத்துக்கு நான்கு அத்தியாயம். வாயில் கூழாங்கல் கட்டாயம் இருக்கும்.

ஒரு கேள்வி மிச்சம். அகநானூறு 252-ல் ஆளி யானையின் முகத்தில் தாக்கி வெண்கோட்டைப் பிடுங்குவதாக வருகிறது. அந்தக் காட்சியை விட மனமில்லை. 550 கிலோ மிருகம் தந்தத்தைப் பிடுங்குமா? ஊனுண்ணிக்குத் தந்தம் எதற்கு?

---

எலும்பும் தசையும்:

உயிருள்ள யானையிடம் முடியாது. தந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டின் குழிக்குள் இறங்கியிருக்கும், சுற்றிலும் இழைகள் இறுகப் பிடித்திருக்கும். இழுத்தால் குழியைவிட்டு வருவதற்கு முன் நுனிப்பக்கம் முறியும். கோடாரியால் முகத்தைப் பிளந்து எடுப்பது அதனால்தான்.

செத்து அழுகியபின் கதை வேறு. பிடித்த இழைகள் சிதைந்து, தந்தம் உறையிலிருந்து கத்தி வருவதுபோல உருவிக்கொண்டு வரும். வெயிலையும் ஈரத்தையும் பொறுத்து வாரக்கணக்கில் மாறும். உங்கள் நாட்டுக்குப் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தத்தின் அடிப்பகுதி கெட்டியில்லை, கூம்பு வடிவப் பொந்து. அதற்குள் மென்கூழ்த் திசு நிறைந்திருக்கும். ஊனுண்ணி எலும்பை உடைத்து மஜ்ஜையைத் தேடுவதுபோல உங்கள் யாளி அதைத் தேடட்டும். பாட்டில் 'ஒற்றி'யும் (தாக்கி) 'புய்க்கும்' (பிடுங்கும்) என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. உங்கள் நாவலில் இரண்டுக்கும் நடுவே பத்து நாள் போகட்டும்.

---

காட்டுக்கணக்கு:

அப்படியானால் குறவர்களுக்குக் கிடைக்கும் தந்தம் எல்லாம் யாளியின் குகைவாயில் கிடப்பதுதான். அடிவிளிம்பில் பற்குறி இருக்கும், பொந்து சுத்தமாக நக்கப்பட்டிருக்கும். வணிகன் விலை பேசும்போது முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த விளிம்பை. பற்குறி இல்லாத தந்தம் என்றால் யாளி திரும்பி வருவதற்கு முன்பே, பத்து நாளுக்குள், யாரோ பள்ளத்தாக்கில் இறங்கிக் கோடாரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.